பஞ்சகாலத்து நன்றிப் பாடல்கள்

மயிலையில் லஸ் முனையிலிருந்து சற்றே உள்ளடங்கி நிற்கும் பிரகாச மாதா ஆலயத்தை அறியாத கத்தோலிக்கர் இந்நகரில் அரியர். முதியோர் இன்றும் அதனைக் காட்டுக்கோயில் என்றே அழைக்கின்றனர். ஆலயத்துக் கல்வெட்டு 1516 என்னும் ஆண்டைக் காட்டுகிறது. அவ்வாண்டு குறித்து வரலாற்றாசிரியரிடையே வழக்கு உண்டு. அவ்வழக்குள் நாம் இப்போது புக வேண்டுவதில்லை. கடலில் திசை தப்பித் தவித்த போர்த்துக்கேய மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டு, அதனைப் பின்தொடர்ந்து கரையேறி, ஒளி மறைந்த இடத்தில் அன்னைக்கு நன்றியாக ஓர் ஆலயம் எழுப்பினர் என்பது வழிவழியாக வரும் செய்தி. 'லஸ்' என்னும் போர்த்துக்கேயச் சொல்லுக்கே ஒளி என்பதுதான் பொருள். பேருந்து நடத்துநர் நாள்தோறும் நூறு முறை கூவும் அச்சொல் ஒரு நன்றிக் காணிக்கையின் எச்சம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கரையேறியவர்கள் கட்டிய கோயில் அது. கரையேறாத கப்பல்களும் அக்காலத்தில் பல உண்டு. இளமையில் இக்கோயிலுக்குள் எத்தனையோ முறை சென்று வந்த நமக்கு அவற்றைப் பற்றிய எண்ணம் ஒருமுறையும் எழுந்ததில்லை. இப்போதோ மார்கழி பிறந்தால் அவ்வெண்ணமே முதலில் வந்து நிற்கிறது. அதற்குக் காரணமான நிகழ்ச்சியைப் பின்னர்ச் சொல்வோம். நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது ஒரு நூலைப் பற்றி: மாயூரம் வேதநாயகம் பிள்ளை இயற்றி 1878-இல் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'.

இந்நூலை நாடி நாம் சென்றோம் என்று சொன்னால் பொய்யாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாலையில், நம் பங்கின் எல்லைக்குள் வாழும் ஓய்வுபெற்ற இசை ஆசிரியை ஒருவர் தம்மிடம் மிகுந்திருந்த ஒரு நுழைவுச்சீட்டை நமக்குக் கொடுத்து மயிலைச் சபா ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். கச்சேரியின் பிற்பகுதியில் பாடகர் ஒரு தமிழ்க் கீர்த்தனையைப் பாடினார். பக்கத்து இருக்கையிலிருந்த ஆசிரியை கண்களை மூடிக்கொண்டு உடன் முணுமுணுத்தார். பாடல் முடிந்ததும், "ஃபாதர், இது எங்க பாட்டி அடுப்படியில பாடுவா. வேதநாயகம் பிள்ளை பண்ணினது" என்றார். அவர் எம் சமயத்தவர் என்று நாம் சொன்னபோது, "அப்படியா! உங்க கோயில்ல பாடுவேளா?" என்று வியப்போடு கேட்டார். விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்று பள்ளியில் படித்தோம். பூவிருந்தவல்லிக் குருமடத்திலும் அவர் பெயரைக் கேட்டதுண்டு. அவர் பாடலொன்றைப் பீடத்தின் முன் நாம் பாடியதில்லை, பிறர் பாடக் கேட்டதும் இல்லை.

மறுவாரம் லஸ் பகுதியின் நடைபாதைப் பழைய புத்தகக் கடையொன்றில், அட்டையிழந்த பிரதி ஒன்று கிடைத்தது. அன்று தொட்டு ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதனைப் படித்து வருகிறோம். குளிர்காலம் என்று சென்னைவாசி சொன்னால் வெளியூரார் சிரிப்பர். வெப்பமானி இருபது பாகைக்கு இறங்கியவுடன் குரங்குக் குல்லா தேடும் ஊர் நம்முடையது. ஆயினும் ஐப்பசி மழை ஓய்ந்து, விடியற்காலையில் ஒரு பக்கம் திருப்பாவையும் மறுபக்கம் திருவருகைக் காலப் பாடல்களும் ஒலிபெருக்கியில் கலந்து கேட்கும் அந்த நாற்பது நாள்கள் நினைவுக்கென்றே அமைந்தவை போலிருக்கின்றன.

நூலாசிரியரைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் பிறந்தவர், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய இடங்களில் முன்சீப்பாக விளங்கியவர், 1889-இல் மறைந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது 'குளத்துக்கோவை' பாடினார். சைவ ஆதீனத்துப் பெரும்புலவர் ஒருவர் கத்தோலிக்க முன்சீப் ஒருவரைப் பாட்டுடைத் தலைவராக்கினார் என்பதை இன்றைய நிலையில் எண்ணும்போது ஏக்கமே மிஞ்சுகிறது. உ. வே. சாமிநாதையரும் தம் 'என் சரித்திர'த்தில் இவரைப் பற்றி எழுதியுள்ளார்.

கீர்த்தனை நூலுக்கு வருவோம். எந்தச் சமயத்தவரும் தம் கடவுளை எண்ணிப் பாடத்தக்கதாக, ஒரு சமயத்துக்கே உரிய தெய்வப் பெயர் வராமல் பாடல்களை அமைப்பது என்பது ஆசிரியரின் திட்டம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் முறையிலான இசைப்பாடல்கள் இவை. தமிழில் பாடுவதற்குப் பாட்டு உண்டா என்று மேடைகளில் வழக்காடிய காலம் ஒன்று இருந்தது. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது அவ்வழக்கின் விளைவே. அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே இம்முன்சீப் ஒரு நூல் நிறையக் கொடுத்துவிட்டார்.

புகழ்ந்தே எழுதினால் திறனாய்வாகாது. இந்நூலை ஒரே மூச்சில் படிப்பவர் அயர்ந்துவிடுவர். சொன்ன கருத்தே பாட்டுக்குப் பாட்டு மீண்டும் வருகிறது. உவமைகளில் பெரும்பாலானவை அக்காலத்தில் எவர் கையிலும் புழங்கிய நாணயங்கள். அறிவுரை கூறும் ஆசை அவரை விடுவதில்லை. 'நீதிநூல்' எழுதிய கை கீர்த்தனை எழுதும்போதும் அதே எழுதுகோலைத்தான் பிடித்திருக்கிறது. லஞ்சம் வாங்குவோரைச் சாடும் இடங்களில் சுவை கூடுகிறது. அங்கே அவருக்கு நேர்ப் பழக்கம் இருந்தது போலும்! உருகவேண்டிய இடங்கள் சிலவற்றிலோ, சாட்சிகளை வரிசைப்படுத்தும் நீதிமான் தெரிகிறாரேயன்றி, உருகும் அடியவர் தெரிவதில்லை.

ஆனால் இதே குறை ஓரிடத்தில் பெருஞ்சிறப்பாக மாறுகிறது. அதுவே இக்கட்டுரைக்குக் காரணமான பகுதி.

1876-இல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் சொல்லி நடுங்கிய பெரும்பஞ்சம் 1878 வரை தென்னாட்டை உலுக்கியது. மாண்டவர் 50 இலட்சத்துக்குக் குறையார் என்பது பொதுவான மதிப்பீடு. நிவாரணப் பணிகளில் உழைத்த ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877-இல் விதித்தார். அது உயிரைத் தாங்கப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். இச்செய்திகளெல்லாம் எங்கோ வடாற்காட்டிலும் பல்லாரியிலும் நடந்தவை என்று மயிலைவாசிகள் எண்ணலாகாது. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து நம் வீடுகளின் பின்புறம் ஓடும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அப்பஞ்சத்தின்போது கஞ்சிக்கு உழைத்த மக்களைக் கொண்டு வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு நிலைத்தது. இன்று பறக்கும் இரயிலின் தூண்கள் அக்கால்வாய்க்குள் ஊன்றி நிற்கின்றன. திருமயிலை நிலையத்தில் இறங்கி மூக்கைப் பொத்திக்கொண்டு விரையும் நாம், அந்தப் பள்ளம் எவர் வயிற்றுப் பசியால் தோண்டப்பட்டது என்பதைக் கேட்டதில்லை. மண்வெட்டி பிடித்தவர்களுள் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது.

இங்கே கால்வாய் வெட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை பஞ்சத்தைப் பற்றிக் கீர்த்தனைகள் பாடினார். அப்போது அவர் பதவியில் இல்லை. தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார் என்பதும், அதனைக் கண்டு 'நந்தனார் சரித்திரம்' தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இவரைப் புகழ்ந்து பாடினார் என்பதும் பலரும் எழுதியுள்ள செய்திகள். கஞ்சித் தொட்டியின் அருகில் பிறந்த அப்பாடல்கள் நூலின் மற்றப் பாடல்களிலிருந்து வேறுபட்டு ஒலிக்கின்றன. வாழ்நாளெல்லாம் பிறர் கொண்டுவந்த மனுக்களை வாங்கிப் படித்தவர், இப்போது தாமே மனுதாரராக வேறொரு நீதிமன்றத்தின் முன் நிற்கிறார். மனுவுக்குரிய இலக்கணம் அவருக்கு நன்றாகத் தெரியும். நடந்தது இன்னது, எமக்கு வேறு புகலில்லை, தீர்ப்பு வேண்டும் என்னும் அந்த ஒழுங்கே பாடலின் நடையாகிறது. அலங்காரங்கள் உதிர்ந்துபோகின்றன. மற்ற இடங்களில் நாம் குறையாகக் கண்ட நீதிமன்றக் குரல் இங்கே அழுகையைவிட ஆழமாகச் செல்கிறது.

மேலும் ஒன்று. இந்த முறையீடுகள், இறைவன் அளித்த உடலுக்கும் ஒளிக்கும் உணவுக்கும் உயிருக்குமாக நன்றி கூறும் பாடல்கள் நிறைந்த அதே நூலுக்குள் இருக்கின்றன. நன்றி வேறு புத்தகம், முறையீடு வேறு புத்தகம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. உணவுக்காக வாழ்த்திய வாயே உணவு எங்கே என்றும் கேட்கிறது. நூல் வெளிவந்த 1878-இல் அதை முதன்முதலாகக் கையில் எடுத்தவர், ஈமக்கடன் முடித்துவந்த கையோடு எடுத்திருக்கக்கூடும். அவரிடம் நன்றிப் பாடலை மட்டும் நீட்டியிருந்தால் எறிந்திருப்பார்.

நன்றி என்பது என்ன? வள்ளுவர் பதினோராம் அதிகாரத்துக்கு இட்ட தலைப்பு 'செய்ந்நன்றி அறிதல்'. பழந்தமிழில் நன்றி என்றால் நன்மை. பிறர் செய்த நன்மையை அறிதல், அறிந்ததை மறவாதிருத்தல் என்பதே அத்தொடரின் பொருள். கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது சொல்லும் உபசாரச் சொல்லாக நன்றி தேய்ந்தது பிற்காலத்தில்தான். எபிரேய மறைநூலில் நன்றிப் பலியைக் குறிக்கும் 'தோதா' என்னும் சொல்லும் அறிக்கையிடுதல், ஒப்புக்கொள்ளுதல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. இரு மொழிகளிலும் நன்றி என்பது, நடந்ததை நடந்தபடி அறிந்து சொல்வதில் தொடங்குகிறது.

இணைச்சட்ட நூலின் 26-ஆம் அதிகாரத்தை வாசக அன்பர்கள் மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். அறுவடையின் முதற்பலனைக் கூடையில் ஏந்திவரும் உழவன் குருவின் முன் என்ன சொல்ல வேண்டும் என்பது அங்கே விதிக்கப்பட்டுள்ளது. விளைச்சல் நன்று என்று அவன் தொடங்குவதில்லை. நாடோடியான மூதாதையை, எகிப்தின் அடிமைத்தனத்தை, பட்ட அடியை, இட்ட கூக்குரலைச் சொன்ன பின்னரே கூடையைக் கீழே வைக்கிறான். திருப்பாடல் 136-இல் ஆண்டவருடைய பேரன்பை நினைக்கும் பல்லவி இருபத்தாறு முறை வருகிறது. அந்த நன்றிப் பட்டியலிலும் தாழ்நிலையில் கிடந்த நாளின் நினைவு இடம் பெற்றிருக்கிறது. திருப்பாடல்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள் என்று குருமடத்தில் பேராசிரியர் எண்ணிக் காட்டியபோது, தேர்வுக்குரிய குறிப்பாகவே அதனை எழுதிக்கொண்டோம். நற்கருணை என்று நாம் வழங்கும் அருளடையாளத்தின் கிரேக்கப் பெயருக்கு நன்றி செலுத்துதல் என்பது பொருள் என்பதையும் எழுதிக்கொண்டோம். ஆண்டவர் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தியது, காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் என்று பவுல் அடிகளார் இரவைக் குறித்தே சொல்கிறார். தம் நினைவாகச் செய்யுமாறு ஆண்டவர் பணித்ததும் அதே பந்தியில்தான். இவையனைத்தும் நமக்குப் பாடமாகத் தெரிந்திருந்தன.

2004-ஆம் ஆண்டு திசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பப் பெருவிழா. அப்போது நாம் கடற்கரையை அடுத்த ஒரு பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். அன்று திருப்பலியில் வாசிக்க வேண்டிய நற்செய்தி மத்தேயு இரண்டாம் அதிகாரம். யோசேப்பு இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குத் தப்பிச் செல்லும் பகுதி. வாசக நூலில் அப்பகுதி 13 முதல் 15 வரை வந்து, பின்னர் 19-க்குத் தாவி 23-இல் முடிகிறது. இடையில் விடப்பட்ட மூன்று வசனங்களில் இருப்பவை பெத்லகேம் குழந்தைகளின் படுகொலையும், ஆறுதலை ஏற்க மறுத்து அழும் இராகேலின் குரலும். அவை திசம்பர் 28-இல் மாசில்லாக் குழந்தைகள் விழாவன்று வாசிக்கப்படுகின்றன என்பது உண்மைதான். ஆயினும் ஞாயிறன்று கூடும் பெருங்கூட்டம் கேட்பது தப்பித்த குடும்பத்தின் கதையை மட்டுமே. காலைத் திருப்பலி முடிந்து சிறிது நேரம் சென்றிருக்கும். ஒன்பது மணியளவில் கடல் உள்ளே வந்தது.

பின் நடந்ததை அன்பர்கள் அறிவர். தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். மெரினாவிலும் பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்திலும், ஞாயிறு காலையில் கடலோரத்தில் இருந்தவர்களையும் குடிசைகளையும் அலை வாரிச் சென்றது. வேளாங்கண்ணியில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்து கடற்கரையில் நின்ற திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். பேராலயத்துக்குள் அலை புகவில்லை. சாந்தோம் பேராலயத்துக்குள்ளும் புகவில்லை; வீடிழந்தோர் அங்கே தஞ்சம் அடைந்தனர். புனித தோமையார் நட்டதாக மரபு கூறும் தூண் பேராலயத்தின் பின்புறம் கடலை நோக்கி நிற்கிறது. அத்தூணே கடலைத் தடுத்தது என்று மக்கள் பேசிக்கொண்டனர், செய்தித்தாள்களிலும் வந்தது. ஏளனம் செய்ய இதைச் சொல்லவில்லை. எளிய மக்கள் நம்பிக்கையின் வேர் குருமடத்து நூலகத்தைவிட ஆழமானது என்பதை ஊழியத்தில் கற்றுக்கொண்டோம்.

நம் குற்றத்தையே சொல்ல வந்தோம். அந்த ஆண்டின் கடைசி இரவில் நடந்த நன்றி வழிபாட்டில் மறையுரையாற்றும் பொறுப்பு நமக்கு வந்தது. வயது முப்பத்து மூன்றோ நான்கோ. நம் ஆலயமும் அதைச் சூழ்ந்த தெருக்களும் தப்பியதற்காக நன்றி கூறவேண்டும் என்று உணர்ச்சி பொங்கப் பேசினோம். பாடகர் குழு வழக்கமான ஆண்டிறுதி நன்றிப் பாடலை எடுத்தது. வழிபாடு முடிந்து வெளியே வந்தபோது, குப்பத்திலிருந்து வந்து நம் பள்ளிக் கட்டடத்தில் தங்கியிருந்த பெண்மணி ஒருவர் படியருகே நின்றிருந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்: "சாமி, கோயிலு நின்னுச்சு, சரி. எங்க வூடு நிக்கலியே. எங்க வூட்ல மூணு பேரு போய்ட்டாங்க. நானும் இந்தப் பாட்டப் பாடணுமா?"

"அம்மா..." என்று தொடங்கினோம். அதற்குமேல் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை.

நாம் அன்று கூறியது கரையேறியவர்களின் நன்றி. அதுவும் உண்மையான நன்றியே. தப்பியவன் மகிழ்வது பாவமன்று. ஆனால் அது மற்றவரை வெளியே நிறுத்தி வைத்துவிட்டது. விடப்பட்ட மூன்று வசனங்களை நாமும் விட்டுவிட்டே பேசியிருந்தோம்.

ஆண்டு முடிவில் நம் ஆலயங்களில் பாடப்படும் நன்றிப் பாடல்களை இந்நோக்கில் ஆராய்ந்து பார்க்கத் துணிகிறோம். எந்தப் பாடலையும் பெயர் சுட்டிக் குறைகூற விருப்பமில்லை. அவற்றை எழுதியோர் பலர் நம் நண்பர்கள். மெட்டு இனிது, சொல் எளிது, மக்கள் ஒருசேரப் பாடுகின்றனர். இவை சிறு நன்மைகள் அல்ல. ஆனால் அப்பாடல்களில் ஆண்டு என்பது எந்த ஆண்டாகவும் இருக்கலாம். 2004-இல் பாடிய அதே சொற்களை, அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கிய 2015-லும் பாடினோம். மிக்ஜாம் புயல் நகரை நீரில் நிறுத்திய 2023-லும் பாடினோம். இம்மூன்றும் திசம்பரில் வந்தவை. பாடலில் மழை இல்லை, கடல் இல்லை, படகில் மீட்கப்பட்ட முதியவர் இல்லை. காத்தீர், நடத்தினீர், உயர்த்தினீர் என்னும் வினைகள் மட்டும் உள்ளன. எவரை, எதிலிருந்து, எப்போது என்று கேட்டால் பாடலில் விடை கிடையாது. வேதநாயகரின் பஞ்சப் பாடல்களைப் படித்தவர்க்கு இக்குறை உடனே தெரியும். அவருக்கும் இசைத் திறமையைவிட நினைவாற்றலே துணைநின்றது என்பது நம் கருத்து.

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் இந்நினைவுக்கு அவருக்கு முன்னரே வழிகாட்டியவர் வீரமாமுனிவர். 1726-இல் நிறைவுற்ற 'தேம்பாவணி' யோசேப்பைத் தலைவராகக் கொண்டது. ஆகவே எகிப்துக்குத் தப்பிச் செல்லும் பயணம் அதில் பெரும்பகுதி. தலைவன் தப்பினான் என்பதோடு முனிவர் நிறுத்தவில்லை. கொல்லப்பட்ட குழவிகளுக்கென்று தனிப் படலமே வகுத்திருக்கிறார். 'குழவிகள் வதைப் படலம்' என்பது அதன் பெயர். வாசக நூலில் மூன்று வசனமாக இருப்பதும் ஞாயிறன்று விடப்படுவதுமான செய்தி காப்பியத்தில் முழுப் படலமாக நிற்கிறது. பிறிதோரிடத்தில், கருணையன் என்று அவர் பெயரிட்ட திருமுழுக்கு யோவான் காட்டில் தன் தாய் எலிசபெத்தை இழந்து அரற்றும்போது, காடே உடன் அழுவதாகப் பாடுகிறார். பள்ளிப் பாடநூலில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பகுதி அது. மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்துவிடுகிறார்கள். இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த அத்துறவி தம் தாயை எங்கே, எப்போது நினைத்திருப்பார் என்று அப்பகுதியைப் படிக்கும்தோறும் எண்ணத் தோன்றுகிறது. இது திறனாய்வுக்குப் புறம்பான எண்ணம், பொறுத்தருள்க.

வேதநாயகரிடம் நாம் காணும் ஒரு பெருங்குறையையும் மறைக்கலாகாது. சமரசம் நாடி இயற்றிய நூலில் கிறிஸ்துவின் பெயர் இல்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் 'சத்திய வேதக் கீர்த்தனை' என்று வேறு நூலும், தேவமாதாவுக்கு அந்தாதியும் பாடியவர். எங்கே எதைப் பாடவேண்டும் என்று தெரிந்தவர். நம் குறை வேறு. பஞ்சப் பாடல்களில் இறைவன் மேலே வீற்றிருக்கும் நீதிபதியாகவே இருக்கிறார். மனு மேலே செல்கிறது. பசித்தோர் வரிசையில் அவரும் தகரக் குவளையோடு நிற்பதாக ஒரு பாடலும் நம் கண்ணில் படவில்லை. இவருக்கு ஓராண்டு இளையவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகத்'தில் பாடுபட்ட ஆண்டவர் காவியத்தின் நெஞ்சாக இருக்கிறார். பஞ்சத்தைப் பாட அந்த நெஞ்சும் வேண்டியிருந்தது. சமரசத் திட்டம் அதற்கு இடம் தரவில்லையா, முன்சீப்பின் இயல்பு இடம் தரவில்லையா என்பதை நம்மால் துணிய முடியவில்லை. ஆனால் கஞ்சித் தொட்டியின் அருகே அவர் நின்றார். பாரதியார் பாடியது அந்த நிலையைத்தான். அவர் சிவநெறிச் செல்வர், தாம் கண்டதைப் பாடினார்.

பெயரில்லாத நன்றி கிறிஸ்தவ நன்றியாகுமா என்று நம்மிடம் ஒரு இளங்குரு வாதிட்டார். அவருடைய அச்சம் பொருளற்றதன்று. ஆயினும், கிறிஸ்துவின் பெயரைப் பத்து முறை சொல்லியும் ஒரு பெண்மணியை வாயிற்படியில் நிறுத்திவிட்ட மறையுரையை ஆற்றியவர் என்ற முறையில், அவ்வாதத்தில் கலந்துகொள்ளும் தகுதி நமக்கு இல்லை என்று சொல்லி விலகிக்கொண்டோம்.

சென்ற ஆண்டின் இறுதி இரவுக்காக, பஞ்சகாலக் கீர்த்தனை ஒன்றை நம் பாடகர் குழுவுக்குக் கற்பிக்குமாறு அந்த இசை ஆசிரியையை வேண்டினோம். நான்கு மாலைகள் வந்து கற்பித்தார். விசைப்பலகை வாசிக்கும் தம்பிக்கு இராகம் பிடிபடவேயில்லை. "அதை மூடி வைப்பா, சுருதி மட்டும் போதும்" என்று ஆசிரியை சொல்லிவிட்டார். பாடல் சிறப்பாக அமைந்தது என்று சொல்ல முடியாது. பாதிப் பேர் பாடவில்லை. சிலர் இது என்ன பாட்டு என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

இருபது ஆண்டுக்கு முன் படியருகே நின்று கேட்ட அந்தப் பெண்மணி இப்போது முதியவர். பங்கு மாறிய பின்னும் ஆண்டுக்கொருமுறை நம்மைக் காண வருவார், அன்றும் வந்திருந்தார். வழிபாட்டுக்கு முன் திருப்பொருள் அறைக்கு வந்து, மடித்த தாள் ஒன்றை நீட்டினார். பேத்தி கையெழுத்தில் மூன்று பெயர்கள். "இத நன்றிப் பாட்டுக்கு முன்னாடி படிங்க சாமி. பின்னாடி வாணாம்" என்றார்.

அவ்வாறே படித்தோம். நம் பங்கில் அவ்வாண்டு இறந்தோர் பெயர்களும், பிறர் எழுதிக் கொடுத்த சில பெயர்களும் உடன் இருந்தன. அவருடைய தாளில் இரண்டாவது பெயரைக் கண்ணாடி இல்லாமல் தவறாகப் படித்துவிட்டோம். மூன்றாம் வரிசையிலிருந்து அவர் உரக்கத் திருத்தினார். திருத்தியபடி மறுபடியும் படித்தோம். பிறகுதான் பாடகர் குழு பாடலைத் தொடங்கியது.